கத்திரி வெயிலில் இளகிய மெழுகு

வீணையின் மெட்டுகள், அதாவது தந்திக்கு அடியில் வரிசையாக இருக்கிற பித்தளைக் கட்டைகள், மெழுகின்மேல்தான் நிற்கின்றன என்பது பத்து வயது வரை எனக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது. நாமெல்லாம் வீணையைக் காலண்டரில், சரஸ்வதி மடியில் பார்த்து வளர்ந்தவர்கள்.

ஆனால் தேன்மெழுகைப் பற்றி நம் வயதுப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்டிக்கர் பொட்டு வருவதற்கு முன்னால் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பி இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? விரல் நுனியால் மெழுகைத் தொட்டு, நெற்றியில் வட்டமாகத் தேய்த்து, அதன்மேல் குங்குமத்தை ஒற்றினால் சாயங்காலம் வரை வேர்வைக்குக் கலையாது. எங்கள் வீட்டில் அந்த டப்பி அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. கல்யாணத்துக்கு இருந்தாள். அம்மாவிடம் தனியாக ஒரு மெழுகுக் கட்டி இருந்தது. தையல் நூலை அதில் இழுத்து இழுத்து, அந்தக் கட்டி முழுக்கக் கோடு விழுந்திருக்கும். அதிலேயே கொஞ்சம் கிள்ளி, நல்லெண்ணெயில் உருக்கி, குதிகால் வெடிப்பில் தடவிக்கொள்வாள். அன்றைக்கு அவள் நடந்து போகிற இடமெல்லாம் லேசாகத் தேன் வாசனை அடிக்கும்.

எங்கள் வீடு செங்கல்பட்டில், ஸ்டேஷனுக்குப் பின்னால். முன்கட்டு முழுக்க அரிசி மூட்டை. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து மண்டி நடத்தினார்கள். மதுராந்தகத்திலிருந்து நெல் வரும், அரைத்த அரிசி வீட்டிலேயே அடுக்கப்படும். அதனால் மனிதர்களைவிட எலிகள்தான் அந்த வீட்டில் அதிகம்.

அந்த வருஷம் தை மாதம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. சித்தி மாயவரம் பக்கம். அவளோடு ஒரு ட்ரங்குப் பெட்டியும் பச்சை உறை போட்ட வீணையும் வந்தன. மூட்டைகளுக்கு நடுவே வழி ஒதுக்கி வீணையை உள்ளே கொண்டுபோனபோது சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்க வூட்ல வீணை கீதுபா” என்று டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் அவர் கேட்டால் சித்தி கூச்சப்பட்டுக்கொண்டு வாசிக்க மாட்டாள். ஆண்கள் மண்டிக்குப் போன பிறகு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் கொஞ்ச நேரம் வாசிப்பாள். அம்மா அரிசி புடைக்கிற முறத்தை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்கிறாள் என்று காட்டிக்கொள்ள மாட்டாள்.

சித்திரைக் கடைசியில், கத்திரி தொடங்கிய சமயம், சித்தி இரண்டு வாரம் பிறந்த வீட்டுக்குப் போனாள். வீணை இங்கேயே இருந்தது. நாலாம் நாள் காலையில் பார்த்தால் உறையின் ஒரு மூலை கிழிந்திருந்தது.

“எலிடி” என்றாள் அம்மா. “அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள மொத்தத்தையும் கொறிச்சிப் போட்டுடும். புடி இந்தப் பக்கம்.”

நானும் அம்மாவும் வீணையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஓர் அறை, பழைய சாமான்கள் போட்டு வைக்கிற இடம். மொட்டைமாடித் தரையில் கால் வைக்க முடியாமல் நான் துள்ளித் துள்ளி நடந்தேன். அறைக்குள் போனதும் முகத்தில் அனல் அடித்தது.

“இங்க ரொம்ப சுடுதும்மா.”

“கட்டைக்கு இன்னாடி சூடு? இந்தச் சூட்டுக்கு எலிகூட வராது, அதான் நல்லது.”

பழைய கட்டில்மேல் வீணையைப் படுக்க வைத்து, அதன்மேல் தன் புடவை ஒன்றையும் போர்த்திவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு பொருளைக் காப்பாற்றிய திருப்திதான் இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பின்னாலே நடந்ததை வைத்துக்கொண்டு அம்மா வேண்டுமென்றே செய்தாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சித்தி வருவதற்கு முதல்நாள் வீணையைக் கீழே இறக்கிப் பழைய இடத்தில் வைத்தோம். கிழிந்த மூலையை அம்மா தைத்துவிட்டாள். உறையைத் திறந்து பார்க்கவில்லை.

சித்தி வந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குப் பம்பாயில் வேலை. பையன், அவனுடைய அப்பா, அம்மா, கல்யாணமான அக்கா என்று நாலு பேர். வீடு இரண்டு நாளாகக் கழுவப்பட்டுக்கொண்டிருந்தது. வீணையைக் கூடத்தில் வைத்தால் பார்வையாக இருக்கும் என்று சித்தப்பாதான் உறையை எடுத்துவிட்டுக் கொண்டுவந்து வைத்தார். சித்தி அப்போது அடுப்படியில் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள்.

அத்தை காபி கொடுத்தாள், நமஸ்காரம் செய்தாள். பையனின் அக்கா “பொண்ணுகூட கொஞ்சம் பேசறேன்” என்று அவளை உள்ளறைக்கு அழைத்துப்போனாள். இரண்டு பேரும் வெளியே வந்தபோது பையனின் அப்பா கூடத்து மூலையைப் பார்த்தார்.

“வீணை யாருது?”

“என் சம்சாரத்துது” என்றார் சித்தப்பா. “எட்டு வருஷம் கத்துகினு கீறா.”

“அப்ப கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்க, கேப்போம்.”

சித்தி அடுப்படியிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வீணைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவள் முகம் மாறியது. நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பித்தளை மெட்டுகளுக்கு அடியில் கறுப்பாக இரண்டு கரை ஓடுமே, அது ஒரு பக்கம் வழிந்து இறங்கியிருந்தது. மெட்டுகள் சில உள்ளே அமுங்கியும் சில சாய்ந்தும் நின்றன. அவள் சித்தப்பாவிடம் தாழ்ந்த குரலில், “மெழுகு இளகியிருக்கு, வாசிக்க முடியாது” என்றாள்.

“சும்மா வாசி. பெரிய மனுஷங்க கேக்கறாங்க.”

வாசித்தாள். சங்கீதம் தெரியாத எனக்கே புளித்துப்போனதைத் தின்ற மாதிரி இருந்தது. நடுவில் ஒரு தந்தி மெட்டில் உரசி அதிர்ந்தது. பையனின் அக்கா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். சித்தி பாதியில் நிறுத்தி வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை ஆள் வந்து, அவர்களுக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். காரணம் சொல்லவில்லை. சொல்லாத காரணத்தை எங்கள் வீட்டில் ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

“வீணை தெரியும்னு சொல்லி நம்ம தலையில கட்டினாங்க” என்றார் அப்பா. “வந்தவங்க சிரிச்சிட்டுப் போறாங்க.”

“மெழுகு இளகிப்போச்சு மாமா. வெயில் பட்டாத்தான் அப்படி ஆகும். யாராவது வெயில்ல வெச்சீங்களா?” என்றாள் சித்தி.

“மெழுகு இன்னா ஐஸ்கிரீமா, தானா உருகறதுக்கு? வூட்டுக்குள்ள ஏது வெயிலு?” என்றார் சித்தப்பா. ஆசையாகச் சொல்லித் திரிந்தவருக்குத்தான் கோபமும் அதிகம். “அடுத்த வாரம் வெள்ளிக்கெழம உங்கப்பா வர்றாரு இல்ல? அவர்கூட வீணைய அனுப்பிடு. இந்தப் பேஜாரே வேணாம்.”

அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு நிமிஷம் நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கிளறினாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அத்தை சித்தியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சித்தி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மறுநாள் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் மெழுகு வாங்கிவந்தாள். வெளுப்பாக இருந்த அதை விரலால் அழுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. மெழுகுவத்திக் கலப்படம். திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர், “சுத்தமானது வேணும்னா மாமல்லபுரத்துல சாமி சிலை வார்க்கறவங்களைத்தான் கேக்கணும்மா” என்றிருக்கிறார்.

சனிக்கிழமை காலை, திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி, துணைக்கு என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். அம்மா தூக்கில் தயிர்சாதம் போட்டுக் கொடுத்தாள். பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றபோது நான் எழுந்தேன். சித்தி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதோடு கோயிலுக்குப் போனது முடிந்தது.

மாமல்லபுரத்தில் இறங்கியதும் நாலா பக்கமும் உளிச் சத்தம். மரம், சைக்கிள், நாய் எல்லாவற்றின்மேலும் வெள்ளையாகக் கல் தூள். விசாரித்து விசாரித்து ஒரு சந்துக்குள் போனோம். அங்கே சத்தமே இல்லை. ஓலைக் கொட்டகையில் ஒரு பெண்மணி உட்கார்ந்து பலகைமேல் மெழுகைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தாள், வீட்டில் முறுக்குக்கு மாவு திரிப்பது போல. சாமிக்கு நகை செய்கிறாளாம். பக்கத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி. எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்குள் பழுப்பு நிறத்தில் ஓர் அம்மன் படுத்திருந்தாள்.

“தொடாத பாப்பா. கை சூட்டுக்கே மூக்கு சப்பையாப்பூடும்” என்றாள் அந்தப் பெண்மணி. “வெயில் காலத்துல தண்ணில போட்டாத்தான் நிப்பா. வார்த்து எடுத்தப்புறம் ஆயிரம் வருஷம் நிப்பா, அது வேற.”

சித்தி கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த ஒரு மெட்டையும் அதில் ஒட்டியிருந்த கறுப்பு மெழுகையும் காட்டினாள். அந்தப் பெண்மணி மெழுகைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தாள், முகர்ந்தாள்.

“நல்ல மெழுகுதாம்மா இது. ஒண்ணும் கெடல. செம சூட்டுல இருந்திருக்கு. எங்க வெச்சீங்க?”

“வீட்டுக்குள்ளதான் இருந்தது.”

“வூட்டுக்குள்ள வெச்சா இப்படி ஆவாதே.”

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை, சும்மாதான் பார்த்தாள். எலி, கிழிந்த உறை, ஷீட் அறை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்மணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய், கிண்ணத்தில் ஊற்றி ஆறவைத்த ஒரு மெழுகு வில்லையைக் கொண்டுவந்தாள். தேங்காய் மூடி அளவு. அதில் துளி கிள்ளி வாயில் போட்டு மென்று காட்டினாள். “பல்லுல ஒட்டல பாரு. தேன்மெழுகுன்னா இதான். வீணைக்குக் கரித்தூளு சேக்கணும், கொஞ்சமா குங்கிலியம் போடு. கூடப் போட்டா வெடிக்கும்.” சித்தி கைப்பையைத் திறந்தபோது விலையை வாங்கிக்கொண்டு, எனக்கு மட்டும் மெழுகில் ஒரு சின்ன மீன் செய்து கொடுத்தாள். அந்த மீன் பஸ் ஸ்டாண்டு போவதற்குள் என் உள்ளங்கையில் வெறும் உருண்டையாகிவிட்டது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கடற்கரைக்குப் போனோம். சித்தி தண்ணீரில் கணுக்கால் நனைய நின்றாள்.

“அம்மாகிட்ட சண்டை போடுவியா?” என்று கேட்டேன்.

“மாட்டேன்.”

“அப்பாகிட்ட சொல்லுவியா?”

“நீயும் சொல்லக் கூடாது.”

“ஏன் சித்தி? சொன்னா உன்னைத் திட்ட மாட்டாங்க இல்ல?”

“உங்கம்மாகூட ஒரே அடுப்படியில நான் இன்னும் எத்தனை வருஷம் இருக்கணும், சொல்லு” என்றாள். பிறகு புடவைத் தலைப்பைக் கடல் தண்ணீரில் நனைத்து, மெழுகு வில்லையைச் சுற்றிக்கொண்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அது காயக் காயத் காலியான தூக்கில் பிடித்துவந்த தண்ணீரை ஊற்றி நனைத்துக்கொண்டே வந்தாள்.

திங்கள்கிழமையிலிருந்து மத்தியானங்களில் வேலை நடந்தது. சித்தியின் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து மேளம் கட்டுவாராம். மெட்டுகளைப் பிரித்து மறுபடி பொருத்துவதற்கு அப்படிப் பெயர். எட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பழக்கம்தான் அவளுக்கு. அம்மியில் கரியை நுணுக்கி, வேட்டித் துணியில் சலித்து, பழைய சட்டியில் உருகுகிற மெழுகில் கலந்தாள். வீடு முழுக்கத் தேனும் புகையுமாக ஒரு வாசனை. ஈரக் கையால் மெழுகைக் கரை கட்டி, மேலிருந்து ஒவ்வொரு மெட்டாகப் பதித்தாள். மொத்தம் இருபத்து நாலு. ஒவ்வொன்றையும் ஒரு மயிரிழை தள்ளி, தந்தியை மீட்டி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி தள்ள வேண்டும். மீட்ட ஓர் ஆள், தள்ள ஓர் ஆள் வேண்டும். எனக்கு மீட்டத் தெரியவில்லை. விரல் வலித்ததும் ஓடிவிட்டேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் புஸ்தகம் வாங்கப் போய்விட்டுத் திரும்பிவந்து பார்த்தால், அத்தை வீணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தந்தியை மீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாதவள். அழுத மாதிரி கண் சிவந்திருந்தது. கரிப்புகை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கடைசி நாலு மெட்டுக்கு மெழுகு போதவில்லை. சித்தி சட்டியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அம்மா எழுந்துபோய்த் தன் தையல் பெட்டியிலிருந்து அந்தக் கோடு விழுந்த கட்டியைக் கொண்டுவந்து சட்டியில் போட்டாள். நூல் பிசிறுகள் மேலே மிதந்தன. சித்தி அவற்றைத் துடைப்பக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் சித்தியின் அப்பா வந்தார். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேச மாட்டார். ஆண்கள் மூன்று பேருக்கும் இலை போட்டது. சாப்பாட்டுக்கு நடுவில் சித்தப்பா சொன்னார்:

“மாமா, போவும்போது வீணைய எடுத்துகினு போய்டுங்க. இந்த வூட்டுக்கு அது தோதுப்படல.”

பெரியவர் மகளைப் பார்த்தார். சித்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். “அப்படியா, சரி மாப்பிள்ளை” என்றார் அவர். அதற்குமேல் அவருக்குச் சாதம் இறங்கவில்லை.

ரசம் ஊற்ற வந்த அம்மா பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிடும்போது அம்மா வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

“வீணை எங்கியும் போவாது தம்பி” என்றாள். “அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிருந்தப்ப எலி கடிக்குதேன்னு நான்தான் மேல ஷீட் ரூமுல வெச்சேன். பத்து நாளு அந்த அனல்ல கெடந்துது. மெழுகு உருகும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறமும் வாய மூடிகினு இருந்தேன். அதான் தப்பு. அந்தப் பொண்ணு மேல பழி சொல்லாதீங்க.”

அப்பாவின் கை இலைமேல் அப்படியே நின்றது. சித்தப்பா அம்மாவைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், பிறகு இலையில் இருந்த அப்பளத்தைச் சின்னச் சின்னதாக உடைத்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் திட்டவில்லை. அப்பா அன்றைக்கு மோர் கேட்கவில்லை, கை கழுவப் போய்விட்டார். சித்தியின் அப்பா மட்டும், “ரசம் ஊத்தும்மா” என்று அம்மாவிடம் இலையைக் காட்டினார்.

வீணை போகவில்லை. சாயங்காலம் சித்தப்பா மாடிக்கும் கூடத்துக்குமாக இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கினார். பிறகு தாமாகவே எலிக்கூண்டு நாலு வாங்கிவந்தார். சித்தி தன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது கதவைச் சாத்தவில்லை. கடைசி நாலு மெட்டு இன்னும் கொஞ்சம் சரியில்லை என்று அவளே சொன்னாள். எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

அம்மாவும் சித்தியும் அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள். சண்டை வராமல் இல்லை. ஆனால் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. அத்தை அந்த வருஷமே ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்தாள். மதுராந்தகத்தில் டீச்சராக இருந்து, நிதானமாகத் தனக்குப் பிடித்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காரில் திரும்பும்போது, அத்தையிடம் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் கேட்டுக்கொண்டே வந்துவிட்டு, “அவங்க வேணாம்னதுக்கும் வீணைக்கும் சம்பந்தமே இல்லடி” என்றாள். “அந்த அக்காக்காரி என்னை உள்ள கூட்டினு போனா இல்ல? எனக்கு இஷ்டம் இல்ல, பம்பாய்க்கெல்லாம் வர மாட்டேன், நான் டீச்சராவணும்னு சொல்லிட்டேன். எப்படியாவது நீங்களே வேணாம்னு சொல்லிடுங்கன்னு அவ கையைப் புடிச்சேன். நல்லவ. அப்படியே செஞ்சா.”

“அப்ப சித்தி திட்டு வாங்கும்போது நீ சும்மாதான் இருந்தியா?”

“ஒரு வாரம் இருந்தேன். உங்க சித்தி மூஞ்ச என்னால பாக்கவே முடியல. அப்புறம் மெழுகு காய்ச்சினு இருந்தப்ப போய் அழுதேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

அந்த அடுப்படியில் அம்மா செய்ததும் சித்திக்குத் தெரியும், அத்தை செய்ததும் தெரியும். தெரிந்துகொண்டுதான், வெள்ளிக்கிழமை தன் அப்பாவுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறாள்.

சித்தி இப்போது மறைமலைநகரில் மகன் வீட்டில் இருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். காபி கொடுத்தாள். ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா உங்க வீட்டு ஆம்பளைங்க அன்னைக்கு சாயங்காலமே ஓடிப்போய், பொண்ணு தெரியாம பேசிட்டான்னு கைகால்ல விழுந்து, சம்பந்தத்தை முடிச்சிருப்பாங்க” என்றாள். “அப்புறம் அவ எங்க டீச்சர் ஆறது?”

“அதுக்காக வீணையையே விட்டுடுவியா? உனக்கு அப்ப இருபது வயசுதானே இருக்கும் சித்தி.”

“பத்தொன்பது” என்றாள்.